31 வாரம், 27 சென்டிமீட்டர்: குழந்தை வளரவில்லையா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் பிரசவம். பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறோம். 28-வது வாரத்தில் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) வயிற்றை அளந்தபோது 26 செ.மீ. இருந்தது. இப்போது 31 வாரம். நேற்று வேறொரு மிஸ்ஸி அளந்தார், 27 தான் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு 10 நாள் கழித்து ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார். என் உயரம் 150 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 45 கிலோ இருந்தேன், இப்போது 52. ரத்த அழுத்தம் 110/70. சர்க்கரைப் பரிசோதனை சரி. எச்.பி. (ஹீமோகுளோபின்) 10.4. எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது. 12-வது வாரம் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துத்தான் பிரசவத் தேதி சொன்னார்கள். மாமியார் தினமும் தையல் நாடாவால் என் வயிற்றைச் சுற்றி அளந்து பார்த்து, "ஏறவே இல்லையே, ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறார். நான் சரியாகச் சாப்பிடாததால்தான் குழந்தை சின்னதாக இருக்கிறதா? வாரா வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா, அது குழந்தைக்குக் கெடுதலா? 33-வது வாரத்தில் வளைகாப்பு வைத்திருக்கிறோம். தள்ளிப்போட வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். 31 வாரத்தில் 27 என்ற எண்ணை மட்டும் வைத்துக் குழந்தை வளரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே நேரம், "ஒல்லியான உடம்பு, அதனால்தான்" என்று சொல்லி விட்டுவிடக்கூடிய எண்ணும் அல்ல இது. ஸ்கேன் அவசியம். மிஸ்ஸி உங்களை டாக்டரிடம் அனுப்பியது மிகச் சரி. 10 நாள் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் படுகிறது. நாளைக்கே கிளினிக்குக்கு போன் செய்து, இந்த வாரத்துக்குள் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். வசதி இருந்தால் தனியாரில் ஒரு வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, அறிக்கையைப் பிங்க் புத்தகத்தோடு (கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) சேர்த்துக் காட்டலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது, அந்த அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் புரியும்.

24-வது வாரத்துக்கு மேல், அடிவயிற்றின் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பின் மேல் விளிம்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறத்தாழ அத்தனை வாரம். இரண்டு செ.மீ. கூடலாம், குறையலாம். 28-ல் 26 அந்த எல்லைக்குள் இருக்கிறது. 31-ல் 27 எல்லையைத் தாண்டிவிட்டது. அதைவிட முக்கியமாக, மூன்று வாரத்தில் ஒரு செ.மீ. மட்டுமே ஏறியிருக்கிறது, ஏறத்தாழ மூன்று ஏறியிருக்க வேண்டும். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இந்த ஏற்றம்தான் நமக்கு அதிகம் சொல்கிறது. எப்போதும் 2 செ.மீ. குறைவாகவே இருந்து, வாரத்துக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும் வயிற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நின்றுபோகிற வயிற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவையா என்பது அடுத்த கேள்வி. சரியாக அளக்க வேண்டுமென்றால், சிறுநீர் கழித்துவிட்டு வந்து, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி, கால்களை நீட்டிப் படுக்க வேண்டும். மிஸ்ஸி மேல்வயிற்றிலிருந்து உள்ளங்கையின் ஓரத்தால் மெல்ல அழுத்திக்கொண்டே கீழே வருவார். மெத்தென்ற இடம் முடிந்து கர்ப்பப்பை கைக்குத் தட்டுப்படும் இடம்தான் உச்சி. அது நடுவில்தான் இருக்கும் என்று இல்லை. பலருக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். உச்சி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நாடாவைப் பிடித்து எலும்பு வரை இழுக்க வேண்டும். நாடாவின் எண் இல்லாத பக்கம் மேலே தெரியும்படி பிடித்து, பிறகு திருப்பிப் பார்த்துப் படிப்பதே முறை. எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், "31 வாரம், எனவே 31 வரணும்" என்று கை தன்னை அறியாமல் நாடாவை அந்த எண்ணுக்கு இழுத்துவிடும்.

இதில் பிசகக்கூடியவை பல. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை மேலே தள்ளப்பட்டு 2, 3 செ.மீ. கூடக் காட்டும். 28-வது வாரத்தில் நிறைந்த பையோடும் இப்போது காலிப் பையோடும் அளந்திருந்தால், வளர்ந்த குழந்தைகூட வளராததுபோலத் தெரியும். உங்களை அளந்தவர்களும் இரண்டு பேர். இருவருக்கும் நடுவில் ஒன்றிரண்டு செ.மீ. மாறுவது சகஜம். குழந்தை குறுக்கே படுத்திருந்தால் வயிறு அகலமாகி உயரம் குறையும். 31 வாரத்தில் குழந்தை இன்னும் புரண்டு கொண்டுதான் இருக்கும். முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதால் பார்வைக்கு வயிறு சின்னதாகத் தெரிவதும் உண்டு. அடுத்த முறை போகும்போது கழிப்பறைக்குப் போய்விட்டுப் படுங்கள். முடிந்தால் முன்பு அளந்த மிஸ்ஸியையே அளக்கச் சொல்லுங்கள். அதோடு, குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஆனால் அடிக்கடி அளப்பதில் பயன் இல்லை. இரண்டு வாரத்துக்குள் திரும்ப அளந்தால், வளர்ச்சியையும் அளவுப் பிழையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

மாமியார் அளப்பது வயிற்றின் சுற்றளவு. அதில் கொழுப்பு, வாயு, மதியம் சாப்பிட்டது, நாடாவை இறுக்கிப் பிடித்தது, தளர்த்திப் பிடித்தது எல்லாம் சேர்ந்திருக்கும். குழந்தையின் எடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அவர் அக்கறையில் செய்கிறார் என்பது தெரிகிறது. அந்த அக்கறைக்கு வேறொரு வேலை கொடுக்கலாம், கீழே சொல்கிறேன்.

ஸ்கேனுக்குப் போகும் முன்பே நீங்கள் வீட்டில் சரிபார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: தேதி. உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது என்கிறீர்கள். பிங்க் புத்தகத்தில் கடைசி மாதவிடாயை வைத்துக் கணக்கிட்ட தேதியும், ஸ்கேனை வைத்துத் திருத்திய தேதியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். நேற்று மிஸ்ஸி 31 வாரம் என்று எண்ணியது எந்தத் தேதியிலிருந்து? பழைய தேதியிலிருந்து எண்ணியிருந்தால் உங்களுக்கு உண்மையில் 29 வாரமாகவே இருக்கலாம். அப்போது 27 செ.மீ. எல்லைக்குள் வந்துவிடும். 12-வது வார ஸ்கேன் படத்தைத் தேடி எடுங்கள். அதில் குழந்தையின் நீளம், உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை, மில்லிமீட்டரில் இருக்கும். 12 வாரம் என்றால் ஏறத்தாழ 54 மி.மீ. அந்தக் கட்டத்தில் எடுத்த ஸ்கேன் தேதியில் ஐந்து முதல் ஏழு நாள்தான் முன்பின் ஆகும். அதனால் அதுவே நம்பக்கூடிய தேதி. படத்தின் நகலைப் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள்.

இதோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கை. இந்த வாரம் எடுக்கும் ஸ்கேனில் இயந்திரம் "28 வாரம் 5 நாள்" என்று ஒரு வரி அச்சிடலாம். அதைப் பார்த்துவிட்டு யாராவது, "அப்போ உங்களுக்கு 31 வாரம் இல்லை, 29 தான், எல்லாம் சரி" என்று பிரசவத் தேதியைத் தள்ளிப்போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏழாவது, எட்டாவது மாத ஸ்கேன் வயதைக் கணிப்பதில் மூன்று வாரம் வரை தவறலாம். அது காட்டுவது குழந்தையின் அளவைத்தான். சின்னக் குழந்தைக்கு வயதைக் குறைத்து எழுதினால், கவனிக்க வேண்டிய குழந்தை இயல்பான குழந்தையாகிவிடும், கவனிப்பும் நின்றுவிடும். வளர்ச்சிக் குறைவு தவறிப்போகும் வழிகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஆரம்ப ஸ்கேன் நன்றாக இருந்தால் அந்தத் தேதி கடைசி வரை மாறக்கூடாது.

ஸ்கேனில் தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து எடையைக் கணிப்பார்கள். இவற்றில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு. சத்து குறைவாகக் கிடைக்கும்போது குழந்தையின் உடல் மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு, கல்லீரலில் சேர்த்து வைத்ததைச் செலவழிக்கும். அதனால் தலை வளர்ந்துகொண்டே இருக்கும், வயிறு பின்தங்கும். பரவலாகப் பயன்படும் அட்டவணை ஒன்றின்படி 31 வாரத்தில் நடுத்தர எடை ஏறத்தாழ 1.75 கிலோ. நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பத்தாவது குழந்தை ஏறத்தாழ 1.45 கிலோ. அதற்குக் கீழே போனால் "வயதுக்குச் சிறியது" என்பார்கள். கீழிருந்து மூன்றுக்குள் வந்தால் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். கிளினிக்குக்கு கிளினிக் அட்டவணை மாறலாம். ஆகவே கிலோவை மட்டும் கேட்காமல், நூறில் எத்தனையாவது கோட்டில் விழுகிறது என்று கேளுங்கள்.

இந்த எடை தராசில் வைத்துப் பார்த்த எடை அல்ல, கணக்கு. 10 முதல் 15 விழுக்காடு வரை தவறலாம். 1.5 கிலோ என்று வந்தால், உண்மையில் 1.3-க்கும் 1.7-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். இதனால்தான் வாரா வாரம் எடை பார்க்க ஸ்கேன் எடுப்பது வீண். ஒரு வார வளர்ச்சியைவிட இயந்திரத்தின் பிழை பெரிது. வளர்ச்சியை ஒப்பிடக் குறைந்தது இரண்டு வார இடைவெளி வேண்டும், மூன்று வாரம் இன்னும் நல்லது. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். கெடுதலா என்று கேட்டீர்கள்: ஸ்கேன் ஒலி அலையில் ஓடுவது, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அதில் கிடையாது. மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

எடையோடு இன்னும் இரண்டு விவரங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும். ஒன்று பனிக்குட நீர். மிக ஆழமான இடத்தில் 2 செ.மீ.க்குக் குறையக்கூடாது, நான்கு பகுதிகளையும் கூட்டிச் சொல்வார்களானால் 5-க்குக் குறையக்கூடாது. மற்றொன்று டாப்ளர், அதாவது தொப்புள்கொடி ரத்தக்குழாயில் ஓட்டம் எப்படி என்பது. நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்தால், குழந்தையின் இதயம் சுருங்கும்போது மட்டுமல்ல, ஓய்வெடுக்கும் நொடியிலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். நஞ்சுக்கொடி தளர்ந்தால் அந்த ஓய்வு நேர ஓட்டம் குறையும். மோசமானால் நின்றுவிடும், அதைவிட மோசமானால் திரும்பி ஓடும். சின்னக் குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறதா, திணறுகிறதா என்பதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். தனியாரில் எடுத்தால், டாப்ளரும் சேர்த்துப் பார்ப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எடை மட்டும் பார்த்துத் தரும் ஸ்கேன் உங்களுக்குப் பாதி பதில்தான் தரும்.

எடை நடுவில் விழுந்து, நீரும் சரியாக இருந்தால் விஷயம் முடிந்தது. நாடா குறைத்துக் காட்டிய பல வயிறுகளின் கதை இப்படித்தான் முடிகிறது. எடை கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்து, டாப்ளரும் நீரும் நன்றாக இருந்தால், உங்கள் உயரத்தையும் உடல்வாகையும் வைத்துப் பார்க்கும்போது அது இயல்பிலேயே சிறிய குழந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். 150 செ.மீ. உயரமுள்ள தாய்க்கு மூன்றரை கிலோ குழந்தையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அப்போதும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் 37 முதல் 39 வாரத்துக்குள் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள்.

வளர்ச்சிக் கோடு கீழே சரிந்தாலோ டாப்ளர் சரியில்லை என்றாலோ வார்டில் சேர்க்கச் சொல்லலாம். அப்போது அடிக்கடி டாப்ளர், குழந்தையின் இதயத் துடிப்பைத் தாளில் வரையும் சி.டி.ஜி. எல்லாம் எடுப்பார்கள். சீக்கிரம் பிறக்க நேரலாம் என்று தோன்றினால், நுரையீரல் பக்குவப்பட உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஊசி என்றதும் பயந்து மறுக்காதீர்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறலைக் குறைப்பதில் அது பெரிய உதவி. செபராங் ஜெயா மருத்துவமனையோ, பாலம் தாண்டிப் பினாங்கு பெரியாஸ்பத்திரியோ, எங்கே அனுப்பினாலும் பிங்க் புத்தகம், பழைய ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் கையோடு இருக்கட்டும்.

இனி உங்களை உறுத்துகிற கேள்வி. நீங்கள் சாப்பிடாததால் இப்படி ஆகவில்லை. 31 வாரத்துக்குள் 7 கிலோ கூடியிருக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு அது எதிர்பார்க்கும் அளவின் கீழ்ப்பக்கம், ஆனால் அளவுக்குள். நன்றாக இருக்கும் ஒரு தாயின் குழந்தை வளர்ச்சி குன்றினால், பெரும்பாலும் காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கும்: அது பதிந்த விதம், ரத்தக்குழாய்கள் விரிந்த விதம். அதெல்லாம் முதல் நான்கு ஐந்து மாதங்களிலேயே முடிந்துபோன காரியம். இப்போது இரண்டு மடங்கு சாப்பிட்டால் அந்தக் குழாய் அகலமாகாது. உங்கள் எடைதான் ஏறும், சர்க்கரையும் எகிறலாம். கர்ப்பிணிப் பால்மாவு, புரத மாவு எதுவும் இதைச் சரிசெய்யாது. பல பால்மாவுகளில் இனிப்புதான் அதிகம். படுக்கையிலேயே கிடந்தாலும் குழந்தை வளராது. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நடமாடுங்கள்.

கடைசி மூன்று மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கலோரி. இரண்டு தோசை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். மாமியாருக்குக் கொடுக்கச் சொன்ன வேலை இங்கேதான் வருகிறது. உங்கள் எச்.பி. 10.4, 11-க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தே தாரிக்கோடும் பாலோடும் விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்பின் ஒன்றிரண்டு மணி நேரம் தேநீர், காப்பி, பால் வேண்டாம். ஆரஞ்சு, கொய்யா, எலுமிச்சைச் சாறு நல்ல துணை. முருங்கைக்கீரை, பருப்பு, தெம்பே, கெம்போங் மீன், நெத்திலி, வாரத்தில் சில நாள் ஆட்டிறைச்சி என்று அவர் கையால் சமைத்துப் போடட்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சிலருக்கு எச்.பி. குறைவுக்கு அதுவே காரணம்; இரும்பு மட்டும் கொடுத்தால் ஏறாது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், விட்டுவிட்டால் இன்னும் நல்லது. இந்த விஷயத்தில் குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவே.

ரத்த அழுத்தம் இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் குழந்தை சிறியதாக இருப்பதும் அழுத்தம் ஏறுவதும் ஒரே நஞ்சுக்கொடிக் கோளாறின் இரண்டு முகங்களாக வரலாம். ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்து எழுதினார்களா என்று கவனியுங்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போலத் தெரிவது, விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேன் வரையிலும் அதற்குப் பிறகும் குழந்தை நன்றாக இருப்பதை வீட்டிலிருந்தே அறிய உங்களிடம் உள்ள நல்ல வழி அசைவுதான். பிங்க் புத்தகத்தில் அசைவு அட்டவணை இருக்கிறது. காலை 9 மணியிலிருந்து எண்ணத் தொடங்கி, பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வந்ததோ அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். பலருக்கு மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். இரவு 9 மணி வரை பத்து வரவில்லை என்றால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடைசி எல்லையாக மட்டும் வையுங்கள். தினமும் 11 மணிக்குள் பத்து உதைக்கிற குழந்தை இன்று மதியம் வரை இரண்டு தடவைதான் அசைந்தது என்றால், இடப்பக்கம் சாய்ந்து படுத்து, போனை ஓரம் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அசைவை மட்டும் கவனியுங்கள். பத்து வரவில்லை என்றால் புறப்படுங்கள். "குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார், இனிப்பு சாப்பிட்டுப் பார், நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். மாதம் ஏற ஏற இடம் இல்லாமல் அசைவு குறையும் என்று சொல்வதும் தவறு. உதையின் தன்மை மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. வீட்டில் இதயத் துடிப்பு கேட்கும் கருவி வாங்கிவைத்து நிம்மதி அடையாதீர்கள். உங்கள் நாடித் துடிப்பையே குழந்தையுடையது என்று எடுத்துக்கொள்ள நேரும். உதிரம் போனாலோ தண்ணீர் உடைந்தாலோ நேரே பிரசவ வார்டு. போக வண்டி இல்லை என்றால் 999. இரவில் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்துத் தூங்குங்கள். விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

வளைகாப்பைத் தள்ளிப்போடத் தேவை இல்லை. ஸ்கேன் முடிவு வந்த பிறகு மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுங்கள். வார்டில் சேரச் சொன்னால் மட்டும் தேதியை மாற்றுங்கள். வீட்டிலேயே பெரியவர்கள் நாலு பேரோடு வளையல் போட்டாலும் போதும். விழா நாளில் மணிக்கணக்காக நிற்கவும் மணையில் குனிந்து உட்காரவும் வேண்டாம், சாய்ந்து உட்காரும் நாற்காலி கேளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுவிட்டு உட்காருங்கள். அந்தச் சத்தத்திலும் கூட்டத்திலும் அசைவைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. அதனால் மேடைக்குப் போகும் முன்பே பத்து எண்ணி முடித்து, அட்டவணையில் குறித்துவிட்டுப் போங்கள்.